கடைமடை அரளி

அரளியை மலர்ந்த பிறகு பறித்தால் வியாபாரத்துக்கு ஆகாது. இதழ் காம்பிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். கூடை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் துவண்டு நிறமும் மங்கிவிடும். மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். அதிலும் இன்றைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். நாளைக்கு விரிவதும் மறுநாள் விரிவதும் அதே கொத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விடிவதற்கு முன்னால், நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், எல்லா மொட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த நேரத்தில் கண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அரளி மொட்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். முற்றியதில் அந்த முறுக்கு நுனியில் லேசாகத் தளர்ந்திருப்பது விரலுக்குத் தெரியும். பிஞ்சு விறைப்பாக இருக்கும். பறித்தால் விரியாமலே வாடிப்போகும். கை தேர்ந்த பறிகாரி இரண்டு கையாலும் பறிப்பாள், ஊர்க்கதை பேசிக்கொண்டே பறிப்பாள், கூடையைக் கொட்டிப் பார்த்தால் ஒரு பிஞ்சு இருக்காது.

கல்யாணமாகி வந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். நான் பிறந்த ஊர் மாயவரத்துக்கு மேற்கே, வண்டல் பூமி. வீட்டைச் சுற்றி நெல் வயல். அங்கே அரளி என்றால் ஐயனார் கோயில் திடலில் தானாக நிற்கும் ஒரு செடி. யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. புகுந்த வீடு பூம்புகாருக்கு வடக்கே, திருவெண்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில். மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். மாமனார் அந்த மணல் கொல்லையில் கடலைக்காய் போட்டார், கத்தரி போட்டார், கொஞ்சநாள் முல்லையும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு வருஷம் கொடுத்தது, இரண்டு வருஷம் கெடுத்தது. வேலியோரம் சும்மா நின்ற செவ்வரளி மட்டும் எந்த வருஷமும் பூக்காமல் இருந்ததில்லை. மாமியார்தான் அதைக் கவனித்தவர். வேலியில் இருந்ததை வெட்டிக் கொல்லைக்குள் கொண்டுவந்து வரிசையாக நட்டது அவர் யோசனை.

பூம்புகாருக்கு வருகிறவர்கள் பெரிய ஆறு ஒன்று கடலில் விழுவதைப் பார்க்கலாம் என்று வருகிறார்கள். குடகில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவருகிற காவிரி, எங்கள் சங்கமுகத்துக்கு வந்து சேரும்போது பல மாதங்களில் வாய்க்கால் அகலம்கூட இருப்பதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும், முக்கொம்பில் பிரிந்து, கல்லணையில் பிரிந்து, ஒவ்வொரு மதகாகத் தாண்டி எங்களிடம் வருவதற்குள் அது கடைமடைத் தண்ணீர். தண்ணீர் வராத வருஷம் மேற்கே இருப்பவர்களுக்குக் குறுவை போகும். எங்களுக்கு அதோடு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடாவிட்டால் கடல் தண்ணீர் மண்ணுக்கு அடியில் உள்ளே ஏறிவரும். போர் தண்ணீர் கரிக்கும். துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைக் குடித்தும் பூக்கிற செடிகள் கொஞ்சம்தான்.

அரளிக்கு அது எப்படி முடிகிறது என்று எனக்குச் சொன்னது என் மகள். பிளஸ் டூ தாவரவியலில் வறட்சி தாங்கும் இலைக்கு உதாரணமாக அரளி இலையைத்தான் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். கொல்லையில் பறித்துக்கொண்டு போன இலையைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு மாலை நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். மேல்தோல் தடிப்பு, மெழுகு பூசியது. மற்ற செடிகளுக்கு இலையின் அடிப்பக்கத்தில் வெளிப்படையாக இருக்கும் மூச்சுத் துளைகள் இதற்குச் சிறு குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழி நிறைய மயிர். மேலே காற்று எவ்வளவு அடித்தாலும் குழிக்குள் காற்று அசையாது, ஈரம் வெளியே போகாது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற ஆனி மாதத்தில் பக்கத்துக் கொல்லையில் எல்லாம் கருகி நிற்கும்போது இந்தச் செடி மட்டும் ஏன் பளபளவென்று நிற்கிறது என்று நான் பல வருஷம் நினைத்ததுண்டு. அதற்குப் பதில் என் பெண்ணின் நோட்டில் இருந்தது.

நடவு ஆடியில். கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய கிளையில் ஒரு அடி நீளத்துக்குப் போத்து வெட்ட வேண்டும். மேல்வெட்டு நேர்வெட்டு, அடிவெட்டு சாய்வெட்டு. கட்டாகக் கட்டிவைத்தாலும் எது தலை எது கால் என்று அப்போதுதான் குழப்பம் வராது. "மூணு கணு மண்ணுக்குள்ள, ரெண்டு கணு வெளிய. அமுக்கி மிதிம்மா, காத்து நிக்கக் கூடாது" என்று அத்தை பக்கத்தில் நின்று சொல்லுவார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாக்கெட்டில் வேர்விட வைத்து நடுபவர்களும் உண்டு, மணலில் அதுதான் நல்லது, செத்துப்போகிற கன்று குறையும். செடிக்குச் செடி ஆறடி. ஒரு அடிக் குழி, நிறையத் தொழுவுரம். மணலுக்கு எரு போட்டால் அடுத்த மழையில் பாதி இறங்கிப்போகும், அதனால் நாங்கள் தை மாதம் ஒருமுறை, ஆடி கடைசியில் ஒருமுறை என்று பிரித்துப் போடுகிறோம். நட்ட நாலைந்து மாதத்தில் முதல் பூ காட்டும். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. இரண்டாம் வருஷத்திலிருந்துதான் பறி கூலி போகக் கையில் நிற்கும்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை கவாத்து. அரளியில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை சுற்றி நிற்கும். நுனியை வெட்டினால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் மூன்று தளிர் கிளம்பும். பூ வருவது புதுத் தளிரின் நுனியில். ஆக, ஒரு கிளையை வெட்டினால் மூன்று கொத்துக்கு இடம். வெட்டப் பயந்து விட்டுவிட்டால் செடி கைக்கெட்டாத உயரத்துக்கு நெடுநெடுவென்று போய், உச்சியில் நாலு பூவை வைத்துக்கொண்டு நிற்கும். தை பிறந்து பனி குறைந்ததும் அரிவாளைத் தீட்டிவைத்துக்கொள்வோம். இடுப்பளவில் வெட்டு, காய்ந்த குச்சியை அடியோடு எடு, உள்ளே பின்னிக்கொண்டு போகிற கிளையை எடுத்து நடுவில் வெயில் விழும்படி செய். வெட்டி முடித்த அன்றைக்குக் கொல்லையைப் பார்க்க மனசு பொறுக்காது. மாசியில் தளிர்க்கும், பங்குனியில் அந்த இடமே தெரியாது. சித்திரை பௌர்ணமி இந்திர விழாவுக்கு ஊர் நிறைய ஆள் வரும்போது கொல்லை முழுதும் சிவப்பாக நிற்கும்.

வெட்டிய கழியை என்ன செய்வது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. அடுப்புக்குப் போகக் கூடாது. காய்ந்த அரளிக் குச்சி நன்றாகத்தான் எரியும், ஆனால் அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. கழியை ஆடு மாடு போகாத இடத்தில், கிழக்கு எல்லையில், கடல் காற்றுக்கு அணைப்பாகக் குவித்து மக்க விடுவோம். பால் கறக்கிற கை, பூப்பறித்த கையாக இருக்கக் கூடாது. பறித்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தண்ணீர்ச் சொம்பைத் தொட வேண்டும். சிலருக்கு அரளிச் சாறு பட்டாலே தோல் தடித்துவிடும், அவர்களைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வோம். குழந்தையைக் கொல்லைக்குக் கூட்டிவரும் பறிகாரியிடம் முதலில் சொல்வது, பிள்ளை கையில் இலையோ பூவோ போகாமல் பார்த்துக்கொள் என்பதுதான். பெண்கள் தலையில் அரளியை வைத்துக்கொள்வதில்லை. இதற்கெல்லாம் அத்தை காரணம் விளக்கியதில்லை. "அரளி சாமி கழுத்துக்கு, நம்ம வாய்க்கு இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் முதலான நஞ்சு இருக்கிறது. இதயத் தசையில் உப்புச்சத்தை உள்ளும் வெளியும் மாற்றிக்கொண்டிருக்கும் வேலையை அது நிறுத்திவிடும். துடிப்பு மந்தமாகும், தாறுமாறாகும். காய்ந்தாலும் கொதித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. யாராவது வாயில் போட்டுவிட்டார்கள் என்றால் புளித் தண்ணீர், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நன்றாகத் தெளிவாக இருந்தாலும் ஓட வேண்டும். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூப்பூத்து, உருண்டைக் காய் காய்க்கிறதே, அந்த மஞ்சள் அரளி வேறு செடி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஒடித்தால் பால் வடியும். அதுவும் நஞ்சுதான், காய் இன்னும் மோசம்.

இத்தனை நஞ்சிருந்தும் இந்தச் செடியைத் தின்று பிழைக்கிற உயிர்கள் உண்டு. தளிர் நுனியில் மஞ்சள் நிற அசுவினி அப்பிக்கொள்ளும். அது அரளி, எருக்கு போன்ற செடிகளில்தான் வாழும். குடித்த நஞ்சைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு, தன்னைத் தின்ன வருவதை விரட்டும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் அடங்கும். அதற்கு முன்னால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியே பாதியை உதிர்த்துவிடலாம். மழை விட்டதும் ஒரு பச்சைப் புழு வரும், விரல் நீளம், தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் போட்டது. ஒரே ராத்திரியில் கிளையை மொட்டையாக்கும். அதைக் கையால் எடுத்துவிடுவோம். இன்னொரு புழு பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியுடையது. அதன் கூடு இலைக்கு அடியில் தொங்கும்போது, கண்ணாடி மாதிரி, உருக்கிய வெள்ளி மாதிரி மின்னும். அந்தக் கூடு தொங்கும் கிளையைப் பறிகாரிகள் தாண்டிப் போவார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. பூவில் தேன் கிடையாது என்பதும் இந்தச் செடியின் ஒரு விசித்திரம். நிறத்தைப் பார்த்துப் பூச்சி வரும், ஒன்றும் கிடைக்காமல் போகும். கொல்லையில் காய் பிடிப்பது குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்களுக்குக் காயும் தேவையில்லை, போத்து போதும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். எங்கள் கரையில் ஒவ்வொரு தெருவிலும் இழவு. கொல்லையைப் பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கிழக்குப் பாதி முழுதும் கடல் வந்து போன மணல் படிந்து கிடந்தது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாழை தலை சாய்ந்துவிட்டது, மாங்கன்று இலை எரிந்து நின்றது, கத்தரி இருந்த இடமே தெரியவில்லை. அரளியும் இலை முழுவதையும் கொட்டிவிட்டுக் குச்சியாகத்தான் நின்றது. அத்தை ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. வெட்டச் சொன்னார். அழுதுகொண்டே வெட்டினோம், கொல்லைக்காக அழவில்லை, அந்த மாதம் எதைத் தொட்டாலும் அழுகைதான் வந்தது. உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் கட்டி வடிக்கச் சொன்னார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள். வயல்காரர்கள் அதையெல்லாம் செய்தார்கள். மணல் கொல்லையில் மழையே உப்பைக் கீழே இறக்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே, வெட்டிய கணுக்களில் தளிர் வந்துவிட்டது.

1945-இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவிலும் அழிவுக்குப் பிறகு முதலில் பூத்தது அரளி என்று சொல்கிறார்கள். அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ மலராக அரளியை வைத்திருக்கிறார்கள். இதை ஒரு பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த ஊர்ப் பெண்களும் குச்சியை நகத்தால் கீறிப் பார்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

உப்பைத் தாங்குகிற இந்தச் செடி தேங்கிய தண்ணீரைத் தாங்காது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நூறு வருஷத்துக்கு மேல் காணாத மழை என்றார்கள். சம்பா பயிர் மூழ்கியது ஊரறிந்த கதை. எங்கள் கொல்லையில் பள்ளத்து வரிசைகளில் தண்ணீர் வடியவில்லை. இலை மஞ்சளாகி, வேர் அழுகி, பிடுங்கினால் கையோடு வந்துவிட்டது. மேட்டு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பாத்தியை உயர்த்தி, நடுவில் வடிகால் வெட்டி நடுகிறோம். கடலோரத்தில் பூச்செடி வைக்க நினைப்பவர்களுக்கு இது ஒன்றை அழுத்திச் சொல்வேன்: உப்பைப் பார்த்துப் பயப்படுவதைவிட, மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று முதலில் பாருங்கள்.

விலை ஆயுத பூஜைக்கு ஏறும், ஆடி வெள்ளிகளில் நிற்கும், கோடையில் எல்லாக் கொல்லையும் ஒரே சமயத்தில் பூக்கும்போது பறி கூலிக்கே கட்டாது. அப்படிப்பட்ட நாட்களில் மார்க்கெட்டுக்கு அனுப்பாமல் நானே உட்கார்ந்து மாலை கட்டுவேன். வாழைநாரை நனைத்துப் பிழிந்து, எதிரும் புதிருமாக இரண்டிரண்டு மொட்டு வைத்து இறுக்கினால் சரம். நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால் மாலை. அரளிக்கு வாசனை அதிகமில்லை, அதனால் நடுநடுவே மருக்கொழுந்தோ துளசியோ சேர்க்கிறோம். காலையில் மொட்டாகக் கட்டிய மாலை சாயரட்சை பூஜைக்குச் சாமி கழுத்தில் விரிந்துவிடும். இந்தக் கணக்கில்தான் அரளியின் மதிப்பே இருக்கிறது. செவ்வரளி அம்மனுக்கும் முருகனுக்கும், வெள்ளரளி சிவனுக்கும் பிள்ளையாருக்கும் அதிகம் போகும். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் சங்கமுகத்தில் முழுக்குப் போட வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

எங்கள் மண்ணில் இந்தப் பூவுக்கு வயது அதிகம். காவிரிப்பூம்பட்டினத்துக் கதையான மணிமேகலையில், மலர்வனம் புக்க காதை என்று ஒரு பகுதி. கட்டிக்கொண்டிருந்த மாலையில் மணிமேகலையின் கண்ணீர் விழுந்துவிடுகிறது. தூய்மை கெட்டது, புதுப் பூ பறித்து வா என்று தாய் மாதவி அனுப்புகிறாள். தோழி சுதமதியோடு உவவனம் என்ற பூஞ்சோலை நோக்கிப் போகும் வழியில், அந்தப் பட்டினத்துத் தெருவில், ஒரு பித்தன் எதிர்ப்படுகிறான். அவன் உடம்பில் செவ்வரளி மாலையும் எருக்க மாலையும் கிடக்கின்றன. புலவர் வேறு எத்தனையோ பூவைச் சொல்லியிருக்கலாம். இந்த மணலில் கேட்பாரற்று எது கிடைக்குமோ அதைப் பார்த்து அவன் மேல் போட்டிருக்கிறார். இன்றைக்கும் எங்கள் கொல்லை வேலியில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதே பூ, இதே காவிரி நாட்டில், திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரத்தில் தல விருட்சமாக நிற்கிறது. சம்பந்தர் பாடிய தலம். ஊருக்கும் சாமிக்கும் அரளியின் பெயர்.

2024 மே மாதம் எங்கள் பறிகாரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அக்கா, கேரளாவுல நம்ம பூவ வேண்டாம்னுட்டாங்களாம்" என்றாள். ஆலப்புழைப் பக்கம் ஓர் இளம் செவிலியர் இறந்துபோனதற்கு அரளியை மென்றது காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்திருந்தது. அதைத் தொடர்ந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தன. ஊரில் எல்லோரும் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து வயிறு கலங்கியது. முடிவும் சரியென்றே பட்டது. வாயில் போடுகிற பொருளோடு இந்தப் பூ சேரவே கூடாது. தீர்த்தச் சொம்பில் மிதக்கக் கூடாது, பஞ்சாமிர்தத் தட்டில் உதிரக் கூடாது, குழந்தை கையில் பிரசாதமாகப் போகக் கூடாது. மாலை கட்டிக் கொடுக்கிற கோயில்களில் நான் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அர்ச்சனைத் தட்டுக்குத் துளசியும் இட்லிப்பூவும் வைத்துக்கொள்ளுங்கள், அரளி மாலையாக மேலே இருக்கட்டும் என்பேன். குருக்கள் வீட்டு அம்மாக்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஆனால் அதே பயத்தில் தெருவோரம் நின்ற செடிகளை வேரோடு வெட்டிப் போட்டவர்களும் உண்டு. அது எனக்கு வருத்தம். ஆடு தின்னாது, தண்ணீர் கேட்காது, எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும் என்றுதான் நான்குவழிச் சாலை நடுவில் அரளியை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எவ்வளவோ பேர் அதைத் தாண்டித் தினமும் போகிறார்கள். செடியை வெட்டிவிட்டால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடாது. நஞ்சு எது என்று பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல ஒரு செடியாவது கண்ணெதிரே நிற்க வேண்டும். என் பேத்திக்குப் பெயர் எழுதத் தெரிவதற்கு முன்பே அரளி இலையைக் காட்டி "கைய வெச்சா கழுவணும்" என்று சொல்லத் தெரியும்.

இந்த வருஷம் வடக்கு வரிசைகளைத் தரையோடு வெட்டியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் பூத்த செடிகள், கட்டை தடித்து மகசூல் குறைந்துவிட்டது. வெட்டியதில் நல்ல கிளைகளை எடுத்துப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். செவ்வரளிதான் அதிகம், வெள்ளை கொஞ்சம். ஆடியில் வேர் பிடித்துவிடும். வந்து கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். மாடு கட்டுகிற இடம், பால்வாடி வாசல், கிணற்றடி என்றால் இட்லிப்பூக் கன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். கடல் பார்த்த வேலி, உப்பு பூத்த மேடு, தண்ணீர் வராத கொல்லை என்றால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.